டிப்ளமோ முடிக்காமல் கணினி சப்போர்ட் வேலைக்கு: திருப்பூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 தொடக்கத்தில் ஆரம்பித்து 2025 இறுதி வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஊர் திருப்பூர். சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் பெயர்களையும் சில அடையாளங்களையும் விட்டிருக்கிறேன். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் கணினிப் பராமரிப்பு வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். டிப்ளமோ முடிக்காமல் கணினி சப்போர்ட் வேலை தேடிய இந்த இளைஞரோடு பழக்கமானது ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில்.

அப்போது அவருக்கு 24 வயது. பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் சேர்ந்தவர். கடைசி வருடத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் வீட்டு வருமானம் நின்றது. ஏழு அரியரோடு கல்லூரியை விட்டு வந்துவிட்டார். பத்தாவதில் இருந்து நேராகப் பாலிடெக்னிக் போகிறவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. டிப்ளமோ முடியவில்லை என்றால் கையில் பிளஸ் டூ சான்றிதழும் இருக்காது. மூன்று வருடம் படித்தவர், காகிதப்படி பத்தாவது பாஸ்.

பிறகு ஊரிலேயே ஒரு கணினி சர்வீஸ் கடையில் சேர்ந்தார். முதலாளியையும் சேர்த்து நாலு பேர். டெஸ்க்டாப், லேப்டாப் பழுது, டோனர் ரீஃபில், சிசிடிவி, அப்புறம் ஆடிட்டர் அலுவலகங்கள், நூல் கடைகள், சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு ஏ.எம்.சி., அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். நாலு வருடம் அங்கே ஓடியது. மாதம் 9,500 ரூபாய், ரொக்கமாக. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. இதில் முதலாளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பி.எஃப். சட்டம் இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம், இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர். ஆனால் நாலு வருடம் உழைத்ததற்கு எங்கேயும் ஒரு வரிப் பதிவு கிடையாது என்பது பின்னால் பெரிய தடையாக வந்து நின்றது.

அவர் வேறு வேலை தேடியதற்கு முதல் காரணம் சம்பளம்கூட இல்லை, இ.எஸ்.ஐ. தன்னை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் வைத்தியம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்பாவின் மருந்துச் செலவே மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது.

முதலில் கண்டது

என்னிடம் வருவதற்கு முன்பே வேலைவாய்ப்புத் தளங்களில் 'டெஸ்க்டாப் சப்போர்ட் எஞ்சினியர்' என்று தேடித் தேடி விண்ணப்பித்திருந்தார். வந்த அழைப்புகள் பெரும்பாலும் பணம் கேட்டவை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முதல் மாதச் சம்பளம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். உண்மையான நிறுவனங்களில் இருந்து வந்த அழைப்புகள் ஒரே கேள்வியில் முடிந்தன: "என்ன டிகிரி?"

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்ச தூரம் போயிருக்கிறார். கோவையில் ஒரு எஃப்.எம்.எஸ். நிறுவனம். இவர்கள் தங்கள் ஆட்களை வாடிக்கையாளரின் வளாகத்திலேயே உட்கார வைப்பார்கள். மருத்துவமனை, தொழிற்சாலை, வங்கி எதுவானாலும் அங்கிருக்கும் கணினிகளை அந்த ஆள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பக் கேள்விகளில் தேறிவிட்டார். அடுத்த நாள் கூப்பிட்டு முடியாது என்றார்கள். ஒப்பந்தத்தில் 'குறைந்தபட்சம் டிப்ளமோ' என்று எழுதிக் கையெழுத்தாகியிருந்தது. கேள்வி கேட்ட மேலாளருக்கு இவரைப் பிடித்துத்தான் இருந்தது, அவர் கையில் அதிகாரம் இல்லை. வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் இதை 'எச்.ஆர். திமிர்' என்பார்கள். பல நேரம் அது வேறு யாரோ எப்போதோ போட்ட ஒப்பந்தத்தின் ஒரு வரி.

சரி, பயோடேட்டாவைக் காட்டுங்கள் என்றேன். ஒரு பக்கம். 'கம்ப்யூட்டர் சர்வீஸ் 4 வருடம். ஹார்டுவேர், நெட்வொர்க்கிங், பிரிண்டர், சிசிடிவி நன்றாகத் தெரியும்' என்று இரண்டு வரி. மிச்ச இடத்தில் அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், தெரிந்த மொழிகள், கடைசியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி. அந்த இரண்டு வரியை வைத்து யாரும் இவரைக் கூப்பிட மாட்டார்கள்.

ஆனால் ஆள் வேலை பார்த்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பனியன் கம்பெனிகளில் கேபினெட்டைத் திறந்தால் பஞ்சுத் தூசி, பிராசஸர் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் மேல் கம்பளி மாதிரி படிந்திருக்கும். சிஸ்டம் தானாக ஆஃப் ஆகிறது என்ற புகாருக்கு நிறையப் பேர் எடுத்த எடுப்பில் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றிவிட்டுப் போவார்கள். இவர் முதலில், "எவ்வளவு நேரம் ஓடி ஆஃப் ஆகுதுங்க?" என்று கேட்டார். இருபது நிமிடம் என்றதும் புளோயரை எடுத்தார். தூசியை ஊதி, பேஸ்ட் மாற்றி, பயாஸில் வெப்பநிலையைப் பார்த்துவிட்டுத்தான் மூடினார். ராமை அழிரப்பரால் தேய்த்துப் போடுகிற வித்தை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தேய்ப்பதற்கு முன் கேள்வி கேட்கிற ஆள் குறைவு.

பேச்சுவாக்கில் அவர் சொன்ன இன்னொரு சம்பவமும் முக்கியம். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் காலை நேரத்தில் மட்டும் சில கணினிகளில் டாலி கணக்கு மென்பொருளின் சர்வர் கிடைக்கவில்லை. எல்லாமே ஓடும் கணினிகள், கேபிளிலும் குறை இல்லை. கமாண்ட் பிராம்ப்டில் கணினியின் நெட்வொர்க் முகவரியை, அதாவது ஐ.பி.யைப் பார்த்தால், அலுவலகம் 192.168.1 வரிசையில் இருக்க, கோளாறான கணினிகள் 192.168.0 வரிசையில் முகவரி வாங்கியிருக்கின்றன. யார் இந்த முகவரியைக் கொடுப்பது என்று தேடிப்போனதில், மாடியில் யாரோ செல்போனுக்கு வைஃபை வேண்டும் என்று வீட்டில் இருந்து ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து சுவரில் இருந்த போர்ட்டில் சொருகியிருந்தார்கள். அதுவும் தன் பங்குக்கு முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. ஒரே நெட்வொர்க்கில் முகவரி வழங்கும் சேவை (டி.எச்.சி.பி.) இரண்டு. காலையில் கணினியைப் போடும்போது எது முந்திக்கொள்கிறதோ அதன் முகவரிதான் கிடைக்கும்.

படிப்படியாகக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்த வேலை இது. பயோடேட்டாவில் இது 'நெட்வொர்க்கிங்' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிக் கிடந்தது.

இல்லாதவையும் இருந்தன. எல்லாக் கணினிகளையும் பயனர்களையும் ஒரே சர்வரில் இருந்து நிர்வகிக்கும் டொமைன், ஆக்டிவ் டைரக்டரி என்றால் கேள்விப்பட்டதோடு சரி. சின்ன அலுவலகங்களில் அது இருக்காது. ஒவ்வொரு புகாரையும் டிக்கெட்டாகப் பதிவு செய்து வேலை பார்த்த பழக்கம் இல்லை. நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கு பாதிதான் பிடிபட்டிருந்தது. ஆங்கிலத்தில் மெயில் வந்தால் புரிந்துகொள்வார், பதில் எழுதக் கை ஓடாது.

ஆக, திறமையில் இருந்த ஓட்டைகளை அடைக்க சில மாதம் போதும். வேலை தெரியும் என்பதற்கு வெளியாள் நம்பக்கூடிய தடயம் எதுவுமே இல்லாததுதான் பெரிய ஓட்டை. அடுத்து எடுத்த முடிவுகளெல்லாம் இதை வைத்துத்தான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ஒன்றை மறுத்தது. கோவையில் ஒரு கன்சல்டன்சி, 25,000 ரூபாய் கொடுத்தால் மூன்று வருட அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, தொலைபேசியில் விசாரித்தால் பதில் சொல்ல ஆள் எல்லாம் ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தது. நண்பர்கள் இரண்டு பேர் அப்படிச் சேர்ந்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஆசை இருந்தது. வேண்டாம் என்றதற்கு நேர்மை ஒரு காரணம், நடைமுறை இன்னொன்று. போலிச் சான்றிதழ் கொடுப்பது குற்றம். அது போக, 2014இல் இருந்து பி.எஃப். கணக்குக்கு ஒரே நிரந்தர எண் வந்துவிட்டது. எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அதில் வரிசையாக நிற்கும். பின்னணி விசாரணை செய்கிறவர்கள் முதலில் கேட்பதே அந்தப் பதிவைத்தான். சேர்ந்து ஆறு மாதம் கழித்து மாட்டினால் வேலையும் போகும், அதுவரை செய்த உண்மையான வேலைக்குச் சான்றும் கிடைக்காது.

அடுத்தது படிப்பு. அரியரை முடித்துவிட்டு வேலை தேடுவதா, தேடிக்கொண்டே எழுதுவதா? பாலிடெக்னிக் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. ஏழு தாள், அதில் எஞ்சினியரிங் மேத்ஸ் இரண்டு. எல்லாம் முடியும் வரை 9,500 ரூபாயில் காத்திருக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு தாள் எழுதுவது, வேலை தேடுவதை நிறுத்தாமல் இருப்பது என்று முடிவானது. டிகிரி இல்லாதவர்களை எடுக்கும் பெரிய நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. மென்பொருள் நிறுவனமான சோஹோ 2000களின் நடுவில் இருந்து பள்ளிப் படிப்பு, டிப்ளமோ முடித்தவர்களைத் தன் சொந்தப் பள்ளியில் சேர்த்துப் பயிற்சி கொடுத்து எடுக்கிறது. எச்.சி.எல். பிளஸ் டூ முடித்த கையோடு வருகிறவர்களை எடுக்கிறது. இவரிடம் அந்த பிளஸ் டூவே இல்லை, வயதும் தாண்டிவிட்டது.

மூன்றாவது, காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்கள். சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ. தேர்வுக் கட்டணம் 300 டாலர், அன்றைய கணக்கில் இவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். கணினி சப்போர்ட்டுக்கான காம்ப்டியா ஏ பிளஸ் என்றால் இரண்டு தேர்வு, இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். இரண்டுமே மூன்று வருடத்தில் காலாவதியாகும். அவர் தேடிய படியில், திருப்பூர் மாதிரி ஊரில், இதைக் கேட்டு ஆள் எடுப்பவர்களை நான் பார்த்ததில்லை. சில வருடம் கழித்து நெட்வொர்க் பக்கம் போகிறவருக்கு சி.சி.என்.ஏ. உதவும், மறுக்கவில்லை. முதல் வேலைக்காக அந்தக் கடனை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று சுவரொட்டி ஒட்டும் ஹார்டுவேர் கோர்ஸ்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே சொல்லிக்கொடுப்பதை இவர் ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துகொண்டிருந்தார்.

அதற்குப் பதில், கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய ஐ5 இயந்திரத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கினார். ராம் 16 ஜி.பி. ஆக்கி, ஒரே இயந்திரத்துக்குள் பல கணினிகளை ஓட்டும் வர்ச்சுவல் பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, அதில் விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பும் ஒரு விண்டோஸ் 10 கணினியும் ஏற்றினார். மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் பாடங்களைப் பார்த்து ஒரு சின்ன டொமைன் கட்டினார். பயனர் கணக்கு உருவாக்குவது, கடவுச்சொல் மாற்றிக் கொடுப்பது, பூட்டிக்கொண்ட கணக்கைத் திறப்பது, ஒரு துறைக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஃபோல்டர் அனுமதி கொடுப்பது. முதல் நிலை சப்போர்ட்டில் தினமும் வருவது இவைதான். ஆகாததைப் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை. சிஸ்கோவின் இலவச வகுப்பில் பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளை வைத்து சப்நெட் கணக்கைச் சரி செய்துகொண்டார்.

குறிப்பேடு

அதிகப் பலன் தந்தது நாலாவது முடிவு. செலவு ஒரு நீள நோட்டு. கடையில் பார்க்கும் ஒவ்வொரு புகாருக்கும் நாலு வரி: என்ன சொன்னார்கள், போய்ப் பார்த்ததில் என்ன தெரிந்தது, என்ன செய்தது, ஒரு வாரம் கழித்து மறுபடி வந்ததா.

முதல் வாரம் எழுதியதெல்லாம் 'அவுட்லுக் சரி செய்தேன்' ரகம். என்ன சரி செய்தீர்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் எழுத்து மாறியது. ஒரு மாதம் கழித்து எழுதிய குறிப்பு ஒன்று:

'மெர்ச்சண்டைசர் கணினி. அவுட்லுக் திறக்கிறது, புது மெயில் வரவில்லை என்று புகார். பி.எஸ்.டி. ஃபைல் அளவு 50 ஜி.பி.யைத் தொட்டுவிட்டது. 2019க்கு முந்தைய மெயில்களைத் தனி ஃபைலுக்கு மாற்றினேன். பிறகு மெயில் வந்தது. பழைய ஃபைலை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, திறந்து பார்த்துச் சரிபார்த்தேன். பக்கத்து இரண்டு கணினிகளும் 40 ஜி.பி. தாண்டியிருப்பதை அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தேன்.'

கடைசி வரியைக் கவனியுங்கள். புகார் வராத கணினிகளையும் பார்த்திருக்கிறார். ஆள் எடுக்கிறவர் தேடுவது இதைத்தான், இதை எந்தச் சான்றிதழும் சொல்லாது.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தோம். வாடிக்கையாளர் பெயர் நோட்டில் வரக்கூடாது. 'ஆடிட்டர் அலுவலகம்', 'டையிங் யூனிட்' என்று வகை மட்டும் போதும். எந்தக் கடவுச்சொல்லும் எழுதக்கூடாது. இந்த நோட்டை நாளைக்கு இன்னொருவரிடம் காட்டப்போகிறோம். வாடிக்கையாளரின் ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

நாலு மாதத்தில் நோட்டு கனத்துவிட்டது. அதில் இருந்து பன்னிரண்டு குறிப்புகளைத் தேர்ந்து, மூன்றை எளிய ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஆங்கிலப் பயிற்சியும் அதிலேயே நடந்தது. தனக்குத் தெரிந்த வேலையை எழுதுகிறபோது சொற்கள் எப்படியோ வந்துவிடுகின்றன. பயோடேட்டாவில் மதமும் உறுதிமொழியும் போய், அந்த இடத்தில் எட்டு வரிக்கு வேலை வந்தது.

வேலை தேடிய வழி

தளங்களில் விண்ணப்பிப்பதைக் குறைத்தார். அங்கே படிப்புக் கட்டத்தில் 'பத்தாவது' என்று தேர்ந்ததுமே பயோடேட்டா மனிதர் கண்ணுக்கு வருமுன் நின்றுவிடுகிறது. டிகிரி கேட்கும் ஒப்பந்தம் குறுக்கே வராத இடம், நிறுவனமே நேராக ஆள் எடுக்கும் இடம் வேண்டும். திருப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை. நடுத்தர ஏற்றுமதி நிறுவனங்களில் நூறு, நூற்றைம்பது கணினிகள் இருக்கும். பார்கோடு பிரிண்டர், பயோமெட்ரிக், கேமரா, வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடை விவரக் கோப்பான டெக் பேக், டாலி, சம்பள மென்பொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மூன்று பேர். அந்தத் துறையை இன்றைக்கும் 'இ.டி.பி.' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆள் தேவை என்றால் விளம்பரம் கொடுப்பதற்கு முன் தெரிந்தவர்களிடம் சொல்லி வைப்பார்கள்.

இங்கே ஒரு தர்மசங்கடம். அவருக்குத் தெரிந்த நிறுவனங்கள் எல்லாமே கடையின் வாடிக்கையாளர்கள். முதலாளிக்குத் தெரியாமல் அங்கே போய் வேலை கேட்டால் அது துரோகம், விஷயமும் ஒரே நாளில் காதுக்குப் போய்விடும். அதனால் முதலில் முதலாளியிடமே சொல்வது என்று முடிவு செய்தோம். அவர் கோபப்படவில்லை. "போறதுன்னா போ தம்பி, நான் பிடிச்சு வெக்க முடியுமா? ஆனா நான் ஏ.எம்.சி. போட்ட எடத்துலயே போய் உக்காந்தேன்னா என் பொழப்பு என்ன ஆவறது?" என்றார். நியாயமான கேள்வி. ஏ.எம்.சி. வாடிக்கையாளரிடம் போவதில்லை, போவதற்கு முன் புதுப் பையன் ஒருவனுக்கு வேலை பழக்கிக் கொடுப்பது என்று பேசி முடித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து வந்த வாய்ப்பு முதலாளி மூலமாகவே வந்தது. கடையில் டோனர் மட்டும் வாங்கும் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் இ.டி.பி. உதவியாளர் ஒருவர் விலகியிருந்தார். முதலாளியே போன் செய்து, "நம்ம பையன் ஒருத்தன் இருக்கானுங்க, பேசிப் பாருங்க" என்று சொன்னார். கடையின் லெட்டர்ஹெட்டில், எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, என்னென்ன வேலை, மாதம் சுமாராக எத்தனை புகார் என்று எழுதி, தன் தொலைபேசி எண்ணோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 25,000 ரூபாய் போலிச் சான்றிதழைவிட இந்தக் காகிதம் கனமானது. எண்ணைக் கூப்பிட்டால் அந்தப் பக்கம் உண்மையான ஆள் பேசுவார்.

நேர்காணல்

இ.டி.பி. மேலாளர் டிகிரி பற்றிக் கேட்டார். அரியர் ஏழு, இந்தத் தேர்வில் இரண்டு எழுதியிருக்கிறேன் என்று இவர் உள்ளபடியே சொன்னார். மேலாளர் நோட்டை வாங்கிப் பத்து நிமிடம் புரட்டிவிட்டு, "சரி தம்பி, இதெல்லாம் இருக்கட்டும். வாங்க, மாடியில ஒரு பிரச்சினை இருக்குது" என்று கூட்டிப்போனார்.

பேக்கிங் பிரிவில் ஒரு கணினியில் பிரிண்டர் இணைத்து மற்ற கணினிகளுக்குப் பகிர்ந்திருந்தார்கள். சில கணினிகளில் இருந்து பிரிண்ட் போகவில்லை. '11பி' என்று முடியும் பிழை எண் வந்தது. 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பகிர்ந்த பிரிண்டர் வைத்திருந்த அலுவலகங்களில் பரவலாக வந்த கோளாறு இது. இணையத்தில் தேடினால் உடனே ஒரு மருந்து கிடைக்கும்: பிரிண்டர் இணைத்த கணினியின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸின் அமைப்புகள் பதிவேட்டில், ஒரு மதிப்பைச் சுழியமாக்கு. வேலை நடந்துவிடும். ஆனால் அப்டேட் அடைத்த ஓட்டையை நாமே திறந்துவிட்டதாகிவிடும்.

இவர் முதலில் எந்தெந்தக் கணினியில் போகிறது, எதில் போகவில்லை என்று நடந்துபோய்ப் பார்த்தார். போகாதவை எல்லாம் விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, புது அப்டேட் வராது. ஆக இரண்டு பக்கமும் அப்டேட் செய்து சரிக்கட்டும் வழி இல்லை. பிரிண்டரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். லேன் போர்ட் இருந்தது, யாரும் பயன்படுத்தவில்லை.

"சார், ரெஜிஸ்ட்ரியில மாத்தினா அஞ்சு நிமிஷத்துல ஓடிரும். ஆனா அது செக்யூரிட்டியைக் குறைக்கறது. பிரிண்டருக்கே ஒரு லேன் வயர் குடுத்து, தனி ஐ.பி. போட்டுட்டா ஷேரிங்கே வேண்டியதில்லைங்க. அரை மணி நேரம் ஆகும். எதைப் பண்றதுங்க?"

மேலாளர் இரண்டாவதைச் செய்யச் சொன்னார். சுவிட்சில் காலி போர்ட் தேடி, வயர் இழுத்து, நிலையான முகவரி கொடுத்து, ஒவ்வொரு கணினியிலும் நேரடி நெட்வொர்க் பிரிண்டராகச் சேர்த்து முடிக்க அரை மணி நேரம் தாண்டிவிட்டது. பரவாயில்லை. பிறகு மேலாளர் என்னிடம் பேசியபோது, இவருக்கு அந்தப் பிழை தெரிந்திருந்ததைவிட, இரண்டு வழியையும் சொல்லி முடிவைத் தன்னிடம் விட்டதுதான் பிடித்தது என்றார். பல பேர் கேட்காமல் ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

சம்பளம் 14,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு.

சேர்ந்த பிறகு

முதல் சில மாதங்கள் சுலபமாகப் போகவில்லை. சேர்ந்த இரண்டாவது மாதத்தில், ஷிப்மென்ட்டுக்கு முந்தின நாள் மாலை, பேக்கிங் கணினியில் பார்கோடு பிரிண்டரின் டிரைவரைப் புதுப்பித்துவிட்டார். ஸ்டிக்கர் அளவு மாறி, எழுத்து விளிம்பைத் தாண்டிப் போனது. லேபிள் அளவைத் திரும்பக் கொடுத்து, இடைவெளி சென்சாரைச் சரிக்கட்டும் வரை ஒரு மணி நேரம் பேக்கிங் நின்றது. உற்பத்தி மேலாளர் எல்லோர் முன்னாலும் கத்தினார். கடைப் பழக்கத்தில் பழுதான பொருள் மேஜைக்கு வரும், நிதானமாகப் பார்க்கலாம். இங்கே ஓடிக்கொண்டிருக்கும் பொருளில் கை வைக்க நேரம் பார்க்க வேண்டும். இது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு, மாற்றம் எதுவானாலும் ஷிப்மென்ட் இல்லாத நாளில், பழைய டிரைவரை எடுத்து வைத்துக்கொண்டு செய்கிறார்.

புகார்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து காலை வணக்கங்களுக்கு நடுவே காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு கூகுள் படிவம் போட்டு, புகார்கள் தானாக ஒரு ஷீட்டில் சேரும்படி செய்தார். நோட்டில் இருந்த அதே நாலு கட்டம். முதலில் யாரும் நிரப்பவில்லை. போனில் சொன்னால் இவரே நிரப்பினார். ஆறு மாதம் ஓடிய பிறகு எந்தப் பிரிவில் எந்தக் கணினி அடிக்கடி படுக்கிறது என்று மேலாளரால் நிர்வாகத்திடம் எடுத்துக் காட்ட முடிந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்குகளை எஸ்.எஸ்.டி.யாக மாற்ற அனுமதி அப்படித்தான் கிடைத்தது.

ஒரு வருடத்தில் 16,500. 2024க்குள் ஐந்து தாள் தேறிவிட்டார், இரண்டு மேத்ஸ் தாளும் இன்னும் நிற்கின்றன. அந்த வருடம் கோவையில் இன்னொரு எஃப்.எம்.எஸ். நிறுவனம் 19,000க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அந்த வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் படிப்பா அனுபவமா ஏதாவது ஒன்று போதும் என்றிருந்தது, பி.எஃப். பதிவு அனுபவத்துக்குச் சாட்சியாக நின்றது. தினமும் திருப்பூரில் இருந்து கோவை போய் வரும் செலவையும் நேரத்தையும் கணக்குப் போட்டுவிட்டு அவர் மறுத்தார். விஷயம் தெரிந்து இங்கேயே 19,500 ஆக்கினார்கள். அதே சமயம் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சர்வீஸ் டெஸ்க் வேலைக்கு விண்ணப்பித்தது முன்பு மாதிரியே படிப்புக் கட்டத்தில் நின்றது. அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

2025இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு அக்டோபர் 14இல் முடிகிறது என்று தெரிந்து, அதற்குப் பல மாதம் முன்பே இவர் எல்லாக் கணினிகளுக்கும் ஒரு பட்டியல் போட்டார். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லான டி.பி.எம். 2.0 எதில் இருக்கிறது, எந்த இன்டெல் பிராசஸர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே, எதை விண்டோஸ் 11க்கு மாற்றலாம், எதைக் கழிக்கலாம், எதை இணையத்தில் இருந்து பிரித்துத் தனியாக ஓட்டலாம் என்று. பழைய பார்கோடு மென்பொருள் ஓடும் கணினிகளைக் கடைசி வகையில் வைத்திருந்தார். நிர்வாகம் அந்தப் பட்டியலை வைத்துத்தான் வாங்கும் திட்டம் போட்டது.

இதே நிலையில் வருகிறவருக்கு மாற்றிச் செய்வது

திருப்பூரில் நேராக ஆள் எடுக்கும் நடுத்தர நிறுவனங்கள் நிறைய. எஃப்.எம்.எஸ். ஒப்பந்தங்களே பெரும்பங்கு பிடித்திருக்கும் நகரத்தில் இந்த வழி இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். அதை மனதில் வைத்துக்கொண்டு சில மாற்றங்கள்.

நோட்டைக் கடையில் சேர்ந்த முதல் மாதமே ஆரம்பிக்கச் சொல்வேன். இவருடைய முதல் மூன்றரை வருட வேலை யாருடைய நினைவிலும் இல்லை, அவர் நினைவில்கூடப் பாதிதான். அந்த ஆடிட்டர் அலுவலகச் சம்பவமே தற்செயலாகப் பேச்சில் வந்தது.

சம்பளத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்ல வேண்டும். பி.எஃப். வராத சின்னக் கடையிலும் இதற்கு முதலாளிக்குக் கூடுதல் செலவில்லை. மாதா மாதம் கடைக் கணக்கில் இருந்து வந்த தொகை வங்கி அறிக்கையில் தெரிந்தால், நாலு வருட அனுபவத்துக்கு அதுவே ஒரு சாட்சி.

படிப்பு விஷயத்தில், மேத்ஸ் அரியர் நிற்கும் என்று ஆரம்பத்திலேயே தெரிகிறவர் திறந்தநிலைப் பள்ளி மூலமோ தனித்தேர்வராகவோ பிளஸ் டூவையும் பக்கத்திலேயே எழுதிவிடலாம். டிப்ளமோ இழுத்துக்கொண்டே போனாலும் விண்ணப்பத்தில் 'பத்தாவது' என்ற இடத்தில் 'பிளஸ் டூ' வரும், தொலைதூரக் கல்வியில் பட்டம் சேரவும் வழி திறக்கும். இவர் இப்போது அதற்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறார்.

விலகும்போது வாங்கும் கடிதம் 'நல்லவர், நேர்மையானவர்' என்று பொதுவாக இருந்தால் பயனில்லை. தேதி, வேலை வகை, எத்தனை கணினிகளைப் பார்த்துக்கொண்டார், கூப்பிட்டால் பேசக்கூடிய ஒரு எண் ஆகியவை வேண்டும். முதலாளிகளுக்கு எழுத நேரம் இருக்காது. நாமே டைப் செய்து கொண்டுபோய்க் கொடுத்தால், படித்துப் பார்த்து ஓரிரு வரி திருத்திக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.